'லா ஃப்ளோர்': பதின்மூன்றரை மணி நேரப் படத்தைக் கொழும்பில் ஒரு நீண்ட வார இறுதியில் பார்ப்பதற்கு முழுமையான வழிகாட்டி

ஆர்ஜென்டீனாவின் மரியானோ லினாஸ் இயக்கிய 'லா ஃப்ளோர்' (ஸ்பானிய மொழியில் 'பூ') 808 நிமிடங்கள் ஓடுகிறது. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, 2018 ஏப்ரலில் புவனஸ் அயர்ஸ் சுயாதீனத் திரைப்பட விழாவில் முழுதாகத் திரையிட்டார்கள். அங்கே சர்வதேசப் போட்டியில் முதற்பரிசு. அதே ஆண்டு ஓகஸ்டில் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்கும் போனது. மொத்தம் ஆறு அத்தியாயங்கள். பேய்ப்படமாகத் தொடங்கி, பாட்டும் காதலுமாக மாறி, உளவாளிக் கதைக்குள் போய், ஊமைப்படமாகி, வேறெங்கோ போய் முடியும்.

இதைப் பற்றிக் கதைக்கிறவர்கள் பெரும்பாலும் நீளத்தைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். "இருந்து முடிச்சிட்டியா?" என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்வியோடு உட்கார்ந்தால் இரண்டாம் அத்தியாயத்திலேயே மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவோம். நீண்ட நேரம் இருந்து பார்ப்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை. மட்டக்களப்பில் கூத்து விடிய விடிய நடக்கும். பார்க்கப் போனவர் பாயை விரித்துக்கொண்டு இருப்பார், நடுவில் கண்ணயர்வார், தேத்தண்ணி குடிப்பார், அடுத்த ஆளின் வரவுப்பாட்டு கேட்டதும் எழும்பி உட்காருவார். அதை யாரும் சாதனையாகச் சொல்வதில்லை. இந்தப் படத்தையும் அப்படிப் பார்க்கலாம். அதற்கு நாள், ஆட்கள், மின்சாரம், சாப்பாடு எல்லாவற்றையும் கொஞ்சம் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். அவ்வளவுதான்.

படி 1: படத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

கதை தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்று பயப்பட வேண்டாம். படத்தின் தொடக்கத்தில் லினாஸே வந்து உட்கார்ந்து, ஒரு கொப்பியில் கோடு கீறி அமைப்பை விளக்குகிறார். முதல் நான்கு அத்தியாயங்கள் தொடங்கும், முடியாது. அவற்றுக்கு மேல்நோக்கி நான்கு கோடுகள். ஐந்தாவது தொடங்கி முறையாக முடியும், அதற்கு ஒரு வட்டம். ஆறாவது நடுவில் தொடங்கி முடிவுக்கு வரும், அதற்குக் கீழ்நோக்கி ஒரு கோடு. எல்லாம் சேர ஒரு பூவின் உருவம் வருகிறது.

இதை உங்களோடு பார்க்கப் போகிற ஒவ்வொருவருக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் முதல் அத்தியாயம் உச்சத்தில் அறுந்து நிற்கும்போது யாராவது கோபித்துக்கொண்டு எழும்பிப் போவார். கோபிப்பதில் நியாயமும் இருக்கும்.

இன்னொன்றும் முக்கியம். ஆறில் ஐந்து அத்தியாயங்களிலும் வருவது அதே நான்கு நடிகைகள்: எலிசா கரிகாஹோ, வலேரியா கொரெயா, பிலார் கம்போவா, லாவுரா பரேதெஸ். நால்வரும் 'பியெல் தெ லாவா' என்ற நாடகக் குழுவைச் சேர்ந்தவர்கள். ஒவ்வொரு அத்தியாயத்திலும் வேறு வேறு பாத்திரங்கள். பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, நான்கு முகங்களையும் பிரித்தறிந்தால் போதும். என்னைப் பொறுத்தவரை படத்தின் உண்மையான கதை அந்த முகங்களில்தான் இருக்கிறது. பத்து ஆண்டுகளில் அவர்கள் எப்படி மாறுகிறார்கள், நடிப்பில் எதைக் கழற்றி வைக்கிறார்கள், எதைப் புதிதாகக் கற்கிறார்கள் என்பதை ஒன்றரை மணி நேரப் படத்தால் காட்டவே முடியாது. இந்த நீளத்துக்கு அதுதான் நியாயம்.

படி 2: நாளைத் தெரிவு செய்யுங்கள்

ஒரே இருப்பில் பார்க்க வேண்டாம். படத்தையே மூன்று பகுதிகளாகத் திரையிடும் வழக்கம் உண்டு, இடைவேளைகளும் படத்துக்குள்ளேயே வருகின்றன. நடுநடுவே இயக்குநர் வந்து அடுத்தது என்ன என்று சொல்லிவிட்டுப் போவார். படம் நிற்கச் சொல்கிற இடத்தில் நீங்களும் நில்லுங்கள்.

கொழும்பில் இதற்கு வாகானது சனி ஞாயிறோடு ஒட்டி வரும் போயா (முழுநிலவு நாள்) விடுமுறை. மாதத்துக்கு ஒரு போயாவாவது உண்டு, கலண்டரைப் பார்த்தால் வெள்ளியிலோ திங்களிலோ விழுகிற ஒன்று அகப்படும். வெசாக்குக்கு இரண்டு நாள் லீவு கிடைக்கும். ஆனால் அந்த இரவுகளில் வெளிச்சக்கூடு பார்க்கவும் தன்சலுக்கு (இலவச உணவுப் பந்தல்) வரிசையில் நிற்கவும் நகரமே வெளியில் இருக்கும். அதை விட்டுவிட்டு வீட்டுக்குள் படம் பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தென்மேற்குப் பருவமழை பெய்யும் மே, ஜூன் மாதங்களில் வெசாக் அல்லாத ஒரு போயா வாய்த்தால் நல்லது. வெளியே போக மனம் வராது, அறையும் குளிர்ந்திருக்கும்.

மூன்று நாள் ஒதுக்க முடியாத வேலைக்காரருக்கு இன்னொரு வழி: வாரத்துக்கு ஒரு மாலை. அப்படிப் பார்த்தால் மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் இரண்டு மாலைகளாகப் பிரியுங்கள், மற்றவற்றை முழுதாக வையுங்கள். வாரக்கணக்கில் இடைவெளி விட்டால் கதை மறந்துவிடுமே என்ற கவலை வேண்டாம், அத்தியாயங்களுக்கிடையே கதைத் தொடர்ச்சி இல்லை.

படி 3: பிரதி, டேட்டா, மின்சாரம்

கலைப்படங்களுக்கான ஸ்ட்ரீமிங் தளங்களில் இப்படியான படங்கள் வரும், சில நாளில் போய்விடும். ஆகவே நாளைக் குறிக்கும் முன் படம் கையில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஆங்கில சப்டைட்டில் முழுப்படத்துக்கும் இருக்கிறதா என்று ஒவ்வொரு பகுதியிலும் ஓரிடத்தைத் தட்டிப் பாருங்கள், முதல் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு நம்ப வேண்டாம்.

உயர்தரத்தில் ஓடவிட்டால் மணிக்கு 3 ஜிபி வரை போகும். முழுப்படத்துக்கும் 40 ஜிபி என்று கணக்கு வையுங்கள். ஃபைபர் இணைப்பு இருந்தாலும் உங்கள் பக்கேஜில் இந்த மாதம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். போன் ஹொட்ஸ்பொட்டில் இதைப் பார்க்க முனைய வேண்டாம். தளம் டவுன்லோட் செய்ய அனுமதித்தால் இரவு நேர டேட்டாவில் முன்கூட்டியே இறக்கி வைப்பது மிக நல்லது.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச் முடிவில் ஒரே நாளில் 13 மணி நேர மின்வெட்டைக் கண்ட நாடு இது. அந்த நிலைமை இப்போது இல்லை என்றாலும் மழைக் காற்றில் ஒரு கிளை விழுந்தால் ஒழுங்கை முழுக்க இருண்டுவிடும். லப்டொப்பை முழுதாகச் சார்ஜ் செய்து, படத்தின் ஒரு பிரதியை அதிலும் வையுங்கள். டிவி நின்றால் லப்டொப்பைச் சுற்றி உட்கார்ந்து அந்தக் காட்சியை முடித்துவிட்டு நிறுத்துங்கள். ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வைத்திருந்தால் இன்னும் நல்லது.

படி 4: அறையும் திரையும்

இந்தப் படத்தின் பெரும் பகுதியில் முகம் மட்டும் கூர்மையாக இருக்கும், பின்னால் உள்ளது எல்லாம் மங்கிக் கிடக்கும். பின்னணியில் ஒருவர் நடந்து வருவது ஒரு நிழலாகத்தான் தெரியும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அது ஆள் ஆகும். பகல் வெளிச்சம் யன்னலால் டிவியில் பட்டால் இந்த நுட்பம் முழுக்கப் போய்விடும். தடித்த திரைச்சீலை இல்லாவிட்டால் ஒரு பெட்ஷீட்டை யன்னலில் கட்டுங்கள். டிவியின் செட்டிங்ஸில் அசைவை வழுவழுப்பாக்கும் வசதி இருந்தால் நிறுத்துங்கள். அது எந்தப் படத்தையும் டெலிநாடகம் மாதிரி ஆக்கிவிடும்.

புறொஜெக்டர் வாடகைக்குக் கிடைக்கும், வெள்ளைச் சுவரும் இருந்தால் பயன்படுத்தலாம். ஆனால் சப்டைட்டில் வாசிக்கும் தூரம்தான் முதலில் பார்க்க வேண்டியது. வயதானவர் ஒருவர் கடைசிக் கதிரையில் இருந்து சிரமமின்றி வாசிக்க முடிந்தால் சரி. சின்ன டிவி என்றால் பாயை விரித்துக் கிட்ட உட்காருங்கள்.

படி 5: ஆட்கள்

தனியாகவும் பார்க்கலாம். ஆனால் மூன்று முதல் ஆறு பேர் இருந்தால் படம் வேறாகிவிடும் என்பது என் உறுதியான எண்ணம். முடிவில்லாத கதை ஒன்று நின்றுபோனால், "பிறகு என்ன நடந்திருக்கும்?" என்று கேட்கப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

தமிழ் சப்டைட்டிலோடு இதைப் பார்க்க வழியில்லை என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். படம் பெரும்பாலும் ஸ்பானிய மொழியில், மூன்றாம் அத்தியாயத்தில் பிரெஞ்சு, ஆங்கிலம், ரஷ்யன் என்று மொழிகள் மாறிக்கொண்டே போகும். ஆங்கிலத்தை வேகமாக வாசிக்கச் சிரமப்படும் மாமியோ பெரியப்பாவோ கூட்டத்தில் இருந்தால், ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் இரண்டு வசனத்தில் தமிழில் சொல்லிவிடுங்கள்: "மாமி, இவையள் நாலு பேரும் உளவாளியள். விடியிறதுக்குள்ள இவையளைக் கொல்ல ஆக்கள் வருகினம்." அது போதும். படம் ஓடும்போது வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டாம், சொல்கிறவருக்கும் படம் போய்விடும், கேட்கிறவருக்கும் போய்விடும்.

சின்னப் பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள். முதல் அத்தியாயம் பயமுறுத்தும், மூன்றாவதில் கொலைகள் உண்டு.

கூட்டம் பெருகி, மண்டபம் எடுத்துப் பார்க்கும் எண்ணம் வந்தால் முதலில் உரிமையாளரிடம் திரையிடும் அனுமதி வாங்க வேண்டும். ஏற்கெனவே இயங்கும் அமைப்புகளோடு கதைத்துப் பார்க்கலாம்: கொழும்பில் ஜேர்மன் கலாசார நிலையமான கொய்தே நிறுவனமும் பிரெஞ்சு நிலையமான அலியான்ஸ் பிரான்சேஸும் படங்களைத் திரையிடுகின்றன, வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 13 மணி நேரத்துக்கு மண்டபம் கேட்டால் யாரும் முதலில் தயங்குவார்கள். மூன்று மாலைகள் என்று கேளுங்கள்.

படி 6: முந்தைய இரவில் 40 நிமிடம்

இந்தப் படத்துக்கு வீட்டுப்பாடம் என்று ஒன்றே ஒன்றுதான். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் 1936இல் எடுத்த 'ஒரு கிராமத்து உல்லாசம்' என்ற பொருள்படும் 'Partie de campagne' என்ற பெயருடைய, ஏறத்தாழ 40 நிமிடப் படம். பிரெஞ்சு எழுத்தாளர் மோப்பசானின் சிறுகதையிலிருந்து எடுக்கப்பட்டது. பாரிஸ் குடும்பம் ஒன்று ஆற்றங்கரைக்குப் போகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை. லினாஸின் ஐந்தாம் அத்தியாயம் இந்தப் படத்தின் மறு ஆக்கம்.

ரெனுவார் இதை முழுதாக எடுத்து முடிக்கவில்லை. படப்பிடிப்பு இடையில் நின்றுபோய், 1946இல்தான் இருந்ததைத் தொகுத்து வெளியிட்டார்கள். லினாஸின் ஆறு அத்தியாயங்களில் தொடக்கமும் முடிவும் சேர்ந்து இருப்பது ஐந்தாவதில் மட்டும்தான், அதற்கு அவர் எடுத்துக்கொண்டது பாதியில் நின்ற ஒரு படத்தை. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் மூன்றாம் நாள் மதியம் உங்களுக்குள் ஏதோ பொருந்தும்.

முதல் நாள்: அத்தியாயம் 1, 2

பிற்பகலில் தொடங்குங்கள். இரண்டும் சேர்ந்து மூன்றரை மணி நேரமளவு.

முதலாவது, ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு மம்மி வந்து சேர்கிற கதை. மலிவான பயங்கரப் படங்களின் பாணியில், ஆனால் கேலி செய்யாமல் எடுத்திருக்கிறார். நீங்களும் கேலி செய்யாமல் பாருங்கள். பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படுங்கள். இதில் நான்கு முகங்களையும் அடையாளம் பிடித்துவிட்டால் மூன்று நாளுக்கும் கவலை இல்லை.

இரண்டாவது பிரிந்துபோன பாடகச் சோடி ஒன்றின் கதை. சேர்ந்து பாடிப் புகழ்பெற்றவர்கள், இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள், ஆனால் ஒரு பாட்டைப் பதிவு செய்தாக வேண்டும். இதற்குப் பக்கத்திலேயே தேள் விஷத்திலிருந்து நித்திய இளமை தேடுகிற இரகசியக் கூட்டம் ஒன்றின் கதையும் ஓடுகிறது. இரண்டும் எப்படி ஒட்டும் என்று மண்டையை உடைக்க வேண்டாம். பிலார் கம்போவா பாடகியாக வருகிற காட்சிகளில் உடம்பை முன்னே சாய்த்துப் பாருங்கள். கோபத்தோடு பாடுவது என்றால் என்ன என்று அங்கே தெரியும்.

சாப்பாட்டுக்கு ஷோர்ட் ஈட்ஸ் போதும். கடலை வடை, ரோல்ஸ், பிளேன்டி. முடிந்த பிறகு இரவுச் சாப்பாட்டில் ஒவ்வொருவரும் இரண்டு கதைகளுக்கும் தங்கள் முடிவைச் சொல்லட்டும். இணையத்தில் முடிவைத் தேடாதீர்கள். அங்கே இல்லை.

இரண்டாம் நாள்: அத்தியாயம் 3

முழு நாளும் இதற்குத்தான். ஐந்து மணி நேரத்துக்கு மேல். ஆட்கள் கழன்று போகிற இடமும் இதுதான், படத்தின் உச்சமும் இதுதான்.

1980கள். தென்னமெரிக்காவில் எங்கோ ஒரு வெளி. நான்கு பெண் உளவாளிகள் ஒரு விஞ்ஞானியைக் கடத்தி வைத்திருக்கிறார்கள். அவர்களைக் கொல்ல வேறு ஆட்கள் அனுப்பப்பட்டிருக்கிறார்கள், விடியும்வரை காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்புக்குள் ஒவ்வொருத்தியின் பழைய கதையும் விரிகிறது, அதற்குள் இன்னொரு கதை, அதற்குள் இன்னொன்று.

காலை 9 மணிக்குத் தொடங்குங்கள். முன்பின்னாக மூன்று மணி நேரம் ஓடிய பிறகு ஒரு பெண்ணின் முன்கதை முடிகிற இடத்தில் நிறுத்துங்கள், முன்கதையின் நடுவில் ஒருபோதும் நிறுத்த வேண்டாம். மதியம் சோற்றுப் பார்சல் எடுத்தீர்களோ அவ்வளவுதான், பிற்பகல் முழுக்க நித்திரை. புரியாணியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இடியப்பமும் சொதியும் சம்பலும் போதும். சாப்பிட்ட பிறகு வெளியில் போய் மெரைன் டிரைவ் பக்கம் அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். கண்ணுக்கும் கடல் தேவைப்படும்.

இந்த அத்தியாயத்தில் ஒரு குரல் கதை சொல்லிக்கொண்டே போகும். சப்டைட்டிலில் வாசிக்க நிறைய வரும். எல்லாவற்றையும் வாசிக்க முயன்றால் முகங்களைத் தவறவிடுவீர்கள். யார் எந்த அரசாங்கத்துக்காக வேலை செய்கிறார், யாரை யார் காட்டிக்கொடுத்தார் என்பது குழம்பினால் குழம்பட்டும். கொப்பியில் நான்கு நிரல் போட்டு, ஒவ்வொருத்திக்கும் ஓரிரு சொல் எழுதிக்கொண்டால் தாராளம்.

நடுவில் வருகிற காதல் கதையை மட்டும் தவறவிட வேண்டாம். தொழிலால் ஒன்றாக இருக்க வேண்டிய இருவர், ஒருவர் மீது ஒருவருக்கு உள்ளதைச் சொல்லாமலே நாட்களைக் கடத்துகிறார்கள். லாவுரா பரேதெஸ் அதில் செய்வதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லிப் புரிய வைக்க முடியவில்லை. அந்தப் பகுதி ஓடும்போது யாராவது நித்திரை கொண்டால் எழுப்பிவிடுங்கள். மற்ற இடங்களில் தூங்குகிறவரைத் தூங்க விடலாம், கால் மணி நேரம் தவறினாலும் பிடித்துக்கொள்ள முடியும்.

மூன்றாம் நாள்: அத்தியாயம் 4, 5, 6

நான்காவது மூன்று மணி நேரத்துக்கு மேல். முதல் இருபது நிமிடங்களில் "இது என்ன, படம் எடுக்கிறதைப் பற்றிய படமா?" என்று கேட்பார்கள். ஆம். ஒரு இயக்குநர் பல ஆண்டுகளாக நான்கு நடிகைகளோடு ஒரு படத்தை எடுத்துக் களைத்துப்போய், நடிகைகளை விட்டுவிட்டுப் பூத்த மரங்களைப் படம்பிடிக்கக் கிளம்புகிறார். நால்வரும் சூனியக்காரிகளாகிறார்கள். பிறகு அமானுஷ்ய விஷயங்களைத் துப்பறிகிற ஒருவர் வந்து இயக்குநரின் கொப்பிகளை வாசிக்கத் தொடங்க, கதை பதினெட்டாம் நூற்றாண்டுக் காதல் மன்னன் கசனோவா வரை போகிறது. நன்றாகச் சிரிக்கலாம். அதன் பிற்பகுதியில் பாத்திரம், கதை எல்லாம் விலகி, கமரா அந்த நான்கு பெண்களையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டு நாள் கூட இருந்தவர்களுக்கு அந்த நிமிடங்களின் பாரம் தெரியும். அதை மட்டும் தனியாக எடுத்து யாருக்கும் காட்ட முடியாது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்தாவது. கறுப்பு வெள்ளை, ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, நடிகைகள் நால்வரும் இதில் இல்லை, பெரும்பகுதியில் சத்தமே இல்லை. முறுக்கு, மிக்சர், பொலித்தீன் பை எல்லாவற்றையும் குசினியில் வைத்துவிட்டு வாருங்கள். ஃபானின் சத்தம்கூடக் கேட்கும். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் வீடென்றால் ரயில் போகிற சத்தமும் சேரும். டிவி பழுதாகிவிட்டது என்று யாராவது ரிமோட்டைத் தேடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஆறாவது எல்லாவற்றிலும் குறுகியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு. சிறைப்பட்டிருந்த பெண்கள் தப்பி வெட்டவெளியைக் கடக்கிறார்கள். படம் வேண்டுமென்றே கலங்கலாக இருக்கும், பேச்சுக்குப் பதிலாக எழுத்து அட்டைகள். இத்தனை மணி நேரம் கூர்மையாகப் பார்த்த முகங்களை இப்போது தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். இணைய வேகத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

அதன் பிறகு ஏறத்தாழ 40 நிமிடங்கள் பெயர்ப்பட்டியல். தலைகீழான காட்சியில் படக்குழுவினர் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள், பெயர்கள் ஓடுகின்றன. நிறுத்திவிடாதீர்கள். கதைக்கத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. தேத்தண்ணி போடுங்கள், கேக் இருந்தால் வெட்டுங்கள், படத்தை ஓடவிட்டே கதையுங்கள்.

நடுவில் விட்டவர்களுக்கு

முதல் நாள் வந்துவிட்டு இரண்டாம் நாள் வராத நண்பரை மூன்றாம் நாள் கட்டாயம் கூப்பிடுங்கள். கதைகள் தனித்தனி என்பதால் அவர் நான்காம் அத்தியாயத்திலிருந்து சேரலாம், முகங்கள் ஏற்கெனவே தெரியும். விட்ட மூன்றாவதை அவர் ஆறுதலாக ஒரு மாதம் கழித்துத் தனியாகப் பார்க்கட்டும். ஒரு நாளும் வராமல் மூன்றாம் நாள் மட்டும் வர விரும்புகிறவரைச் சேர்க்க வேண்டாம், அவருக்கு முதல் அத்தியாயத்தை ஒரு மாலையில் தனியாகக் காட்டி, பிடித்திருந்தால் அடுத்த போயாவுக்குப் புதிதாகத் தொடங்குங்கள். இன்னும் வேண்டும் என்கிறவர்களுக்கு லினாஸின் முந்தைய படம் ஒன்று இருக்கிறது, 'Historias extraordinarias' என்று பெயர், 2008இல் வந்தது, நான்கு மணி நேரம்தான். அதற்கு ஒரு ஞாயிறு போதும்.